இரண்டாவது ‘வாருங்கள்’

நம் வட்டாரத்துச் சபைகளில் வழிபாடு நடத்த இந்த வருடம் புதிதாக ஆறு பேர் வந்திருப்பதாகப் போதகர் சொன்னார். உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படியும் கேட்டார். ஆராதனை முறைமையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது அச்சிட்ட புத்தகத்தில் இருக்கிறது, கண்ணாடி இருந்தால் வாசிக்கலாம். புத்தகத்தில் இல்லாதது நான் செய்த ஒரு பிழை. அதைத்தான் எழுதுகிறேன். அதில் ஓர் உயிரும் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் கழித்தும் அந்த நிம்மதி எனக்குத் தீரவில்லை. நீங்களும் பதறாமல் வாசியுங்கள்.

துறைமுகத்தை அண்டிய நம் சிறிய ஆலயத்தில் இருபத்தெட்டு வருடம் உபதேசியாராக இருந்தேன். போதகருக்கு நான்கு சபைகள். ஆதலால் பெரும்பாலான ஞாயிறுகளில் வழிபாட்டைத் தொடங்கி நடத்துவது என் வேலை. ஒவ்வொரு ஞாயிறும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வந்தவர் தொகை, வாசித்த சங்கீதம் எல்லாம் என் நாட்குறிப்புகளில் இருக்கின்றன. ஆலயத்தின் கூரை எந்த மழையில் எந்த இடத்தில் ஒழுகியது என்பதுகூட இருக்கிறது. இவற்றைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட மனிதன் என்பது தெரிந்தால்தான் நடந்தது உங்களுக்கு விளங்கும்.

எங்கள் வழிபாடு வேதாகமத்துச் சங்கீதம் ஒன்றோடு தொடங்கும். ‘வாருங்கள்’ என்று கூப்பிடும் அந்தச் சங்கீதத்தை நீங்கள் அறிவீர்கள். இந்த அழைப்பைப் பற்றி நான் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். தமிழில் அடியாரை அழைக்கும் பாடல்களுக்குக் குறைவில்லை. கோணமலைக் கோயிலில் மணி அடிப்பதும் பள்ளிவாசலில் பாங்கு சொல்வதும் அழைப்புத்தான். ஆனால் எபிரேயக் கவிஞரின் அழைப்பில் எனக்குப் பிடித்தது, அவர் தள்ளி நின்று மற்றவரை ஏவுவதில்லை. தன்னையும் சேர்த்துக்கொண்டே கூப்பிடுகிறார். நான் பாடப்போகிறேன் என்றோ, நீங்கள் பாடுங்கள் என்றோ அவர் சொல்வதில்லை. எல்லோருமாகப் பாடுவோம் என்கிறார். தனியாக ஒருவர் துதிப்பது அந்தக் கவிதைக்குப் போதவில்லை. கூட ஆட்கள் வேண்டும்.

எங்கள் சபையில் அந்த அழைப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆண்கள் வலப்பக்க நீள வாங்குகளிலும் பெண்கள் இடப்பக்க வாங்குகளிலும் உட்கார்ந்திருப்பார்கள். நான் முன்னே நின்று முதல் ‘வாருங்கள்’ சொன்னதும் அத்தனை பேரும் ஒரேயடியாக எழுந்து நிற்பார்கள். அதன்பின் அடிக்கு அடி, நான் பாதி சொல்ல அவர்கள் மறுபாதி சொல்வார்கள். வாங்குகள் ஒன்றாக முனகும் அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு சொல்லுக்குச் சபை எழும்புகிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்தச் சங்கீதம் நீளமானது. முதலில் பாட அழைக்கிறது. ஏன் பாட வேண்டும் என்றால் மலையும் கடலும் காய்ந்த நிலமும் அவருடையவை என்கிறது. பிறகு இரண்டாவது தடவை ‘வாருங்கள்’ என்கிறது. இந்த முறை குனிந்து பணிய, முழங்காற்படியிட. கடைசியில் தொனி மாறி, இன்றைக்கு ஒரு குரல் கேட்டால் மனதைக் கல்லாக்கிக்கொள்ளாதீர்கள் என்று எச்சரித்து முடிகிறது. நான் முதல் அழைப்போடும் கடலோடும் நிலத்தோடும் நிறுத்திவிடுவேன். முழுவதும் வாசித்தால் நேரம் போகும். முழங்காற்படியிட்டால் வயதானவர்கள் எழும்ப இன்னும் நேரம் போகும். கடைசி எச்சரிக்கை, ஞாயிறு காலையில் யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன்.

இதை ஒருவர் மட்டும் விடாமல் குத்திக்காட்டிக்கொண்டிருந்தார். அரசாங்க மருத்துவிச்சி. ஊர் முழுக்க அவரை மிஸ்ஸி என்றே கூப்பிடும். இடப்பக்கம் மூன்றாவது வாங்கு.

“ஐயா, இண்டைக்கும் பாதியில விட்டிட்டியள்,” என்பார் வாசலில் கைகொடுக்கும்போது.

“பத்தரைக்கு முடிக்க வேணும் மிஸ்ஸி. முன் வாங்கில இருக்கிறவை மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருக்கினம்.”

“தலை வந்தாப் போதும் எண்டு நான் பையைத் தூக்கிக்கொண்டு வீட்ட போறனானே? மிச்சப் பிள்ளையும் வரவேணும் ஐயா.”

பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அடுத்த ஞாயிறும் பாதியில் விடுவேன்.

இனி அந்தச் சனிக்கிழமை. தம்பலகாமத்தில் அறுவடை முடிந்து, நம் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை கொண்டாடிய அடுத்த வாரம், விரிகுடாவுக்கு அக்கரையில் மூதூரில் இருக்கும் சிறிய சபைக்குப் புதுநெல்லில் ஒரு பங்கு கொண்டுபோவோம். அங்கே அவர்களோடு சேர்ந்து வழிபாடு. பாலங்கள் வருவதற்கு முந்திய காலத்துப் பழக்கம் அது. அப்போதே பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. ஆனாலும் வருடத்தில் அந்த ஒரு நாள் வள்ளத்தில் போவதையே சனம் விரும்பியது.

மூதூர் முஸ்லிம் ஒருவரின் இயந்திர வள்ளத்தை வாடகைக்குப் பேசியிருந்தோம். என்னைவிடச் சில வயது மூத்தவர். நாங்கள் அவரை, அவர்கள் அண்ணனைச் சொல்வதுபோல, காக்கா என்று கூப்பிடுவோம். அன்று காலை வள்ளம் கட்டும் ஜெட்டியில் அவர் எங்களை எண்ணினார். பிறகு தன்னிடம் இருந்த உயிர்காப்பு அங்கிகளை எண்ணினார். பிறகு என்னிடம் வந்தார்.

“ஐயா, அங்கி இருவத்திநாலு. ஆக்கள் முப்பத்தொண்டு. ஏழு பேர் நிக்கட்டும். இவங்கள இறக்கிட்டுத் திரும்பி வாறன்.”

“திரும்பி வர எவ்வளவு நேரம் செல்லும் காக்கா?”

“போய் வர ரெண்டு மணித்தியாலம்.”

“பத்துக்கு ஆராதனை. ஏலாது.”

“வாடைக்காத்து இன்னும் சரியா அடங்கல்ல ஐயா. வெளியில அலை கிடக்கு.”

“கடல் தட்டுப்போலக் கிடக்கே.”

“இஞ்ச தட்டுத்தான். அங்கால போனாத்தான் தெரியும்.”

“கிட்டத்தானே காக்கா. பிள்ளையளுக்கும் பொம்பிளையளுக்கும் அங்கியைக் குடுப்பம். நாங்கள் ஆம்பிளையள் சமாளிப்பம்.”

அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஐயா சொல்றீங்க. பொறகு நான் என்னத்தக் கதைக்க,” என்று சொல்லிவிட்டு நெல் மூட்டையைத் தூக்கி வள்ளத்தின் நடுவில் வைத்தார். அவர் சம்மதித்தார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அது சம்மதமில்லை. பெரிய மனிதர் என்று நினைத்த ஒருவரோடு வாதாட விரும்பாத ஒருவரின் மரியாதை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் வருடக்கணக்காக வேலை பார்க்க முடியும் என்பதற்கு நானே சாட்சி.

ஏழு பேரைப் பஸ்ஸில் அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அன்றிரவு அதையே கேட்டாள். எனக்குத் தோன்றவில்லை. என் மனதில் பத்து மணி மட்டுமே இருந்தது. சட்டைப்பையில் இருந்த சின்ன நாட்குறிப்பில் ‘புறப்பாடு 8.40’ என்று எழுதினேன். எழுத்து நேராகவே இருக்கிறது, இப்போதும் பார்த்தேன்.

வள்ளத்திலும் ஆலயத்தில் போலவே ஆண்கள் வலப்பக்கப் பலகையிலும் பெண்கள் இடப்பக்கப் பலகையிலும் இருந்தார்கள். யாரும் அப்படி இருக்கச் சொல்லவில்லை. துறைமுகத்து நிலமுனையைக் கடந்து விரிகுடாவின் நடுவுக்கு வந்தபோது காக்கா சொன்ன அலை தெரிந்தது. பெரிதில்லை, ஆனால் நீளமாக வந்தது. சிறிது தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் துறைமுகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதற்குக் கையசைத்தார்கள். அப்போது இயந்திரம் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

அறுந்து மிதந்த வலைத்துண்டு ஒன்று இயந்திரத்தின் சுழலியில் சுற்றிவிட்டது. காக்கா கத்தியோடு பின்பக்கம் குப்புறப் படுத்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு அறுக்கத் தொடங்கினார். ஓட்டம் நின்ற வள்ளம் மெல்லத் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டியது. கப்பல் கிளப்பிய அலையும் சேர்ந்து வந்தது. முதல் அலை எங்களை நனைத்தது. ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. பெண்கள் பக்கத்தில் சிலர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடுவுக்கு நகர்ந்தார்கள். ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேர் காக்கா என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்தார்கள்.

“ஒருத்தரும் அசையாதீங்க,” என்று காக்கா சொன்னது எனக்குக் கேட்டது. முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. காற்று வேறு பக்கம்.

இவர்களை அமைதிப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். இவர்கள் அறிந்த குரல் என்னுடையதுதானே என்றும் நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, ஆலயத்தில் கூப்பிடும் அதே குரலில், “வாருங்கள், பாடுவோம்” என்று கூப்பிட்டேன்.

முப்பது பேரும் எழுந்து நின்றார்கள்.

என் ஆலயத்தில் அவர்கள் ஒருபோதும் அவ்வளவு சீராக எழும்பியதில்லை. வள்ளம் இடப்பக்கம் சரிந்தது. விளிம்பு தண்ணீரைத் தொட்டது. கடல் உள்ளே வந்து எங்கள் கணுக்கால்வரை ஏறியது. நெல் மூட்டை நகர்ந்து பெண்கள் பக்கப் பலகையில் முட்டியது. நின்றவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். அதனால் ஒருவர் சாயும் பக்கம் எல்லோரும் சாய்ந்தார்கள். மடியில் இருந்த பிள்ளைகள் இப்போது தோளில் இருந்தார்கள்.

“ஐயா, இருக்கச் சொல்லுங்க! கவுந்திடும்!” காக்காவின் குரல்.

“இருங்கோ, எல்லாரும் இருங்கோ,” என்று கத்தினேன். ஒருவரும் உட்காரவில்லை. பிடித்த கையை முதலில் விட யாருக்கும் துணிவில்லை. அத்தோடு, அது என் அறிவித்தல் வாசிக்கும் குரல். அந்தக் குரலுக்கு அவர்கள் எந்த ஞாயிறும் செவிகொடுத்ததில்லை.

எதிர்ப்பக்கத்தில் மிஸ்ஸியின் முகத்தைக் கண்டேன். ஒரு கையில் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை அவரிடம் பிரசவத்துக்குப் போன பெண்கள் அறிந்திருப்பார்கள்: இனி நீதான் செய்ய வேண்டும் என்ற பார்வை. வாசலில் அவர் சொல்லும் ‘மிச்சப் பிள்ளை’ எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தண்ணீருக்குள் முழங்காலை மடித்தேன். முதலில் மடித்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். மலையையும் கடலையும் நிலத்தையும் சொல்ல நேரமில்லை. அவற்றைத் தாண்டி நேரே இரண்டாவது அழைப்புக்குப் போனேன். “வாருங்கள், தலை தாழ்த்திக் குனிவோம்.”

“நம்மைப் படைத்தவருக்கு முன் முழங்காற்படியிடுவோம்,” என்று ஒரே ஒரு குரல் பதில் சொன்னது. மிஸ்ஸி. நான் வருடக்கணக்காக வெட்டி எறிந்த அடி அவருக்கு மனப்பாடம். சொல்லிக்கொண்டே அவர் முழங்காலில் இறங்க, அவரைப் பிடித்திருந்த இரண்டு பெண்களும் கூடவே இறங்கினார்கள். அவர்களைப் பிடித்திருந்தவர்களும்.

நான் மறுபடி சொன்னேன். இந்த முறை பெண்கள் பக்கம் முழுவதும் பதில் சொன்னது. மூன்றாம் முறை ஆண்கள் பக்கம்.

இந்தச் சங்கீதங்கள் ஏன் ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்கின்றன என்று நான் பல புத்தகங்களில் தேடியிருக்கிறேன். ஓசைக்காக என்கிறார்கள், அழுத்தத்துக்காக என்கிறார்கள். அன்று எனக்கு வேறொன்று தெரிந்தது. முதல் பாதி காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் பயந்தவன் அதைத் தவறவிடுவான். இரண்டாம் பாதி அவனுக்காகக் காத்திருக்கிறது. குனிவோம் என்றபோது கேளாதவர்கள், முழங்காற்படியிடுவோம் என்றபோது கேட்டார்கள். பெரும் கூட்டத்தை ஒன்றாக அசைக்கத் தெரிந்த யாரோதான் அந்த அடிகளை எழுதியிருக்க வேண்டும்.

முப்பத்தொரு பேரின் பாரமும் வள்ளத்தின் அடித்தட்டுக்கு இறங்கியது. சரிவு குறைந்தது. இன்னோர் அலை வந்தது. வள்ளம் அதன்மேல் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். ஒருவரையும் எழும்ப விடாமல் அந்த ஒற்றை அடியையே திருப்பித் திருப்பி, ஒரு பக்கம் சொல்ல மறுபக்கம் பதில் சொல்ல வைத்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லும் முறை தன்னுடையது என்று காத்திருப்பவன் இடத்தைவிட்டு அசைவதில்லை. பிள்ளைகளின் வாளி ஒன்றால் ஒருவர் தண்ணீரை அள்ளி ஊற்றினார். பிறகு இயந்திரம் உறுமியது. அதைவிட இனிமையான இசையை நான் இதுவரை கேட்டதில்லை. நம் பாடகர் குழுவில் யாராவது இதை வாசித்தால் மன்னிக்கவும்.

மூதூர் ஜெட்டியில் எல்லோரையும் இறக்கி இரண்டு முறை எண்ணினேன். முப்பத்தொன்று. மூன்றாம் முறையும் எண்ணினேன். காக்கா கையில் வெட்டுக்காயத்தோடு ஓரமாக இருந்தார். மிஸ்ஸி தன் பையைத் திறந்து அதற்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். 

“காக்கா, என்னில பிழை,” என்றேன்.

“ஓம்,” என்று ஒத்துக்கொண்டார் அவர். பிறகு, “நாங்களும் கூப்பிடுறதுதான் ஐயா. கூப்பிட்டா வந்து நிப்பம். குனிவம். நெத்தி நிலத்தில பட வைப்பம். நீங்க எழுப்பி விட்டுட்டு அதோட விட்டுட்டீங்க. நிக்கிறதோட தொழுகை முடியுமா?” என்றார்.

“அதைத்தான் நானும் எத்தினை வருசமாச் சொல்லுறன் காக்கா,” என்றார் மிஸ்ஸி, கட்டை இறுக்கிக்கொண்டே. “ஐயாவுக்கு மணிக்கூடுதான் முக்கியம்.”

வழிபாட்டை, பஸ்ஸில் முன்னரே வந்திருந்த போதகர் நடத்தினார், வேறொரு சங்கீதத்தோடு. நான் முன்னே போகவில்லை. ஈர வேட்டியோடு கடைசி வாங்கில் உட்கார்ந்து, அந்தச் சங்கீதத்தை எடுத்து, நான் எப்போதும் விட்டுவிடும் கடைசிப் பகுதியை மெல்ல வாசித்தேன். இன்றைக்கு ஒரு குரல் கேட்டால் மனதைக் கல்லாக்காதே. அது வனாந்தரத்தில் அலைந்த எபிரேய முன்னோருக்குச் சொன்னது என்றே நான் எண்ணியிருந்தேன். அன்று காலை எட்டரை மணிக்கு, ஜெட்டியில், ஒரு குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அது எண்ணிச் சொன்ன குரல். இருபத்திநாலு, முப்பத்தொன்று. நான் கல்லாகத்தான் நின்றேன்.

துதிக்க வரச்சொல்லிச் சந்தோஷமாகத் தொடங்கும் கவிதை ஏன் கேட்கச்சொல்லிக் கண்டிப்பாக முடிகிறது என்பது எனக்கு விளங்கியது. சேர்ந்து பாடுகிறவர்கள் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்காவிட்டால், அவர்கள் ஒரே வள்ளத்தில் இருக்கும் வெறும் பாரம்தான்.

திரும்பும்போது காக்கா ஜெட்டியில் நின்று, “இருவத்திநாலு,” என்றார்.

“ஓம் காக்கா,” என்றேன்.

நானும் வேறு ஆறு பேரும் பஸ்ஸில் திரும்பினோம். பாலங்களைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிகிறதா என்று பார்த்தேன். பஸ் வழியில் பல இடங்களில் நின்றது. முதல் தடவையாக அது எனக்கு எரிச்சலாக இல்லை, பயமாக இருந்தது. நகரத்தில் இறங்கியதும் ஏழு பேரும் வீட்டுக்குப் போகாமல் ஜெட்டிக்கு நடந்தோம். வெயில் இன்னும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் முனையைச் சுற்றிக்கொண்டு வள்ளம் வந்தது. எல்லோரிலும் செம்மஞ்சள் அங்கி. தூரத்திலேயே எண்ணத் தொடங்கினேன். இருபத்திநாலுடன் காக்கா.

சந்தோஷத்தில் கையை உயர்த்தினேன் போலிருக்கிறது. முன்பக்கத்தில் இருந்த மிஸ்ஸி வாயில் கைகுவித்துக் கத்தினார்:

“ஐயா, நாங்கள் இறங்கி முடியும் மட்டும் கூப்பிட்டுப் போடாதேங்கோ!”

வள்ளம் முழுக்கச் சிரித்தது. காக்காவும் சிரித்தார். காலையிலிருந்து யாரும் சிரித்திருக்கவில்லை. சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள். நான் கையை இறக்கி, வாயை மூடிக்கொண்டு, கடைசி ஆள் ஜெட்டியில் காலை வைக்கும்வரை காத்திருந்தேன். எல்லோரும் வந்த பிறகும் யாரும் போகவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று சங்கீதத்தில் நாங்கள் தாண்டிப்போன ஒரு துண்டு மிச்சமிருந்தது.

“கடல் அவருடையது,” என்றேன், சாதாரணக் குரலில்.

“காய்ந்த நிலமும் அவருடைய கைவேலை,” என்றார்கள், அந்த நிலத்தில் நின்றுகொண்டு.

இனி அந்தச் சங்கீதத்தை முழுதாக வாசியுங்கள் தம்பி தங்கச்சிமாரே. நேரம் போனால் போகட்டும். அன்றைய நாட்குறிப்பில் புறப்பாடு 8.40 என்று இருக்கிறது. முடிந்த நேரத்தை நான் எழுதவில்லை.